இருபத்தேழாம் கேள்வி

எருக்கலம்பட்டிக்கு ஜீப் வருவதென்றால் மூன்று காரணங்கள்தான். ஓட்டுக் கேட்க வரும், காலரா ஊசி போட வரும், சாராயம் பிடிக்க வரும். வாடிப்பட்டியிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி, பெரியாறு வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் கிடக்கிற ஊருக்கு வேறு எவன் ஜீப்பில் வரப் போகிறான்? ஆனால் எண்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில் நாலாவதாக ஒரு காரணம் முளைத்தது. மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் கஷ்டப்படுகிற குடும்பங்களைக் கண்டுபிடித்து மார்க் போடப் போகிறது, வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு டீச்சரம்மா காகிதத்தோடு வருகிறார் என்று தலையாரி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்க் என்றதும் ஊர் குழம்பிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மார்க் போடுவார்கள், குடும்பத்துக்கு எப்படிப் போடுவது? தலையாரி கையிலிருந்த பட்டியலில் எருக்கலம்பட்டிக்காரர்கள் ஐந்து பேர். முதல் பெயரே காளை.

காளை கிணறு வெட்டுகிற ஆள். மாசி மாதம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் வடத்தைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து, பாதியிலிருந்து பாறையில் விழுந்தான். உயிர் தப்பியதே பெரிய விஷயம். இடுப்பு போய்விட்டது. ஏழு மாதமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான். உடம்பில் உடையாமல் மிஞ்சியது வாய் ஒன்றுதான் என்று அவன் மனைவி மாயக்காள் சொல்வாள். அவள் நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போய் மூன்று பிள்ளைகளுக்கும் அவனுக்கும் கஞ்சி ஊற்றினாள். மூத்தவள் சோலை ஆறாம் வகுப்பை நிறுத்திவிட்டு, அப்பனையும் கடைக்குட்டியையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். நடுவில் ஒரு பையன்.

மாயக்காள் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் தை மாதம் பக்கத்து ஊருக்கு இதே மாதிரி ஒரு ஜீப் வந்து இரண்டு பிள்ளைகளை மதுரை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயிருந்தது. அந்தப் பிள்ளைகள் தினமும் பூரி தின்கின்றன என்று ஒரு பேச்சு. மொட்டையடித்து வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. மாயக்காள் காதில் இரண்டாவது பேச்சுதான் ஏறியது.

"இந்தாரு மாயி, அவுக எதுக்கு வாராக?" என்றாள் எதிர்வீட்டு ஜெயக்கொடி. காளைக்குப் பெரியப்பன் மகள். தெருவில் எந்த வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்றாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். "வீட்டுல ஒண்ணுமில்லைன்னு எழுத வாராக. ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டா பிள்ளைகள வண்டியில ஏத்திருவாக. நம்ம விடலாமா?"

"இல்லாதத நான் எங்கிட்டுப் போயிக் காட்டுறது மதினி?"

"ஊருக்குள்ள இல்லாமயா போச்சு? பொண்ணு பாக்க வந்தா என்ன செய்வோம்? அதத்தான் செய்யணும்."

பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. தெருவிலிருக்கிற நல்ல பாத்திரம், நல்ல பாய், நாற்காலி எல்லாம் காலையிலேயே அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும், சாயங்காலம் திரும்பிப் போகும். அதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைப்பதில்லை. பார்க்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானே. தெரியாத ஒரே ஆள் மதுரையிலிருந்து வரப் போகிற டீச்சரம்மாதான்.

"எனக்கு இது பிடிக்கல," என்றான் காளை கட்டிலிலிருந்து. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லுவோம். என்னமாச்சும் ஒதவி செய்வாகளோ என்னமோ."

"நீ செத்த பேசாம கெட தம்பி. ஒதவி செய்றவுக செஞ்சுட்டுப் போகவேண்டியதுதான? மார்க் எதுக்குப் போடுறாக?"

காளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை வந்தவள் ஸ்யாமளா. இருபத்து நாலு வயது. சமூக சேவைப் படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. கைத்தறிச் சேலை, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் நாற்பது கேள்விகள் உள்ள ஒரு படிவம். அதை அவளுடைய மேலதிகாரி ராஜாராமன் இங்கிலீஷிலிருந்து தானே தமிழாக்கி வைத்திருந்தார். கஷ்டம் கூடக் கூட மார்க்கும் கூடும். பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவையில்லை. பன்னிரண்டிலிருந்து முப்பதுவரை வந்தால் வீட்டோடு வைத்தே உதவி. முப்பதைத் தாண்டினால் வீடு பிள்ளைகளுக்குத் தாங்காது, ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட வேண்டும். படிவம் சரியாக வேலை செய்கிறதா என்று நாற்பது குடும்பங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் போய் மார்க் போடுவார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் படிவம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

மாயக்காள் வீட்டு வாசலில் ஒரு கருப்பு ஆடு கட்டியிருந்தது. அது எதிர்வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே மடக்கு நாற்காலி, கோரைப்பாய், வரிசையாகப் பித்தளைக் குடங்கள், ஒரு வெண்கலப் பானை. மாயக்காள் ஜெயக்கொடியின் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"ஒக்காருங்க டீச்சரம்மா. மொச்ச அவிச்சிருக்கு, ரெண்டு சாப்புடுங்க."

ஸ்யாமளா மொச்சையைக் கொறித்துக்கொண்டே படிவத்தைப் பிரித்தாள். "தங்கள் இல்லத்தில் உணர்ச்சிவழி ஆதரவு எவ்வாறு உள்ளது?" என்று வாசித்துவிட்டு அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. "அதாவது... வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தேன் இருக்கோம். அவுகதேன் பொழுதன்னைக்கும் பேசிக்கிட்டே கெடப்பாக."

"மனச்சோர்வு வர்றதுண்டா?"

"சோர்வா? நாளெல்லாம் குனிஞ்சு நட்டா வரத்தான டீச்சரம்மா செய்யும். ஒரு சொம்பு நீச்சத்தண்ணி குடிச்சா போயிரும்."

காளை கட்டிலில் வாயைத் திறந்தான். கட்டிலோரம் நின்ற ஜெயக்கொடி கட்டில் காலை ஓர் உதை உதைத்தாள். அவன் மூடிக்கொண்டான்.

இருபத்தேழாம் கேள்வி வந்தது. "உங்களுக்கு ஆபத்து சமயத்துல உதவ யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல," என்றாள் மாயக்காள் பளிச்சென்று. "நாங்க யாரு கையையும் எதிர்பாக்குறதில்ல டீச்சரம்மா. அந்தப் பழக்கமே கெடையாது."

பக்கத்தில் நின்ற ஜெயக்கொடி இதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டினாள். குடும்பமென்றால் அப்படித்தானே பேச வேண்டும்! இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு ஸ்யாமளா அந்தக் கேள்விக்கு முழு மார்க்கும் போட்டாள். அப்படியும் மொத்தம் பதினொன்றுதான் வந்தது. இந்தக் குடும்பத்துக்கு உதவி தேவையில்லை என்று மனநிறைவோடு எழுதிக்கொண்டு அவள் ஜீப் ஏறினாள். ஜீப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஆடு அவிழ்த்துவிடப்பட்டு எதிர்வீட்டுக்கு ஓடியது.

அடுத்த வாரம் புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ராஜாராமன் வந்தார். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, முன்பு கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். மனிதர் நல்லவர்தான், ஆனால் எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புவார்.

அன்றைக்கு ஊரில் ஈ காக்கை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவு மும்முரமாக இருந்த நேரம். மாயக்காள், ஜெயக்கொடி உட்பட அத்தனை பெண்களும் முழங்கால் சேற்றில் நின்று குலவை போட்டு நட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுமலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. வெயிலோ முதுகைப் பொசுக்கியது. வீட்டில் மூன்று மண்சட்டி, ஒரு அலுமினியக் குண்டான், கட்டிலில் காளை. சோலை கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

காளைக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். ஜெயக்கொடியின் காலும் பக்கத்தில் இல்லை. உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் சொன்னான். ராத்திரி வலியில் தூங்காததைச் சொன்னான். வீட்டில் நெல் இருப்பு இல்லாததைச் சொன்னான். மகள் படிப்பை நிறுத்தியதையும் சொன்னான்.

"ஆபத்துக்கு உதவ யாராவது உண்டா?"

ஆம்பிளை அல்லவா, அதை மட்டும் அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. "யாருமில்லீங்கய்யா. எங்க பாட்ட நாங்களே பாத்துக்கிருவோம்."

ராஜாராமன் கூட்டினார். முப்பத்து நாலு. மூடி மறைக்கத் தெரியாத மனிதர், முப்பதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சேறு காயாத காலோடு வந்த மாயக்காளிடம் காளை நடந்ததைச் சொன்னான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கஞ்சிச் சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தாள். மூன்று பிள்ளைகளையும் இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர்கள் ஆயிரம் சண்டை போட்டிருக்கிறார்கள், பேச்சு நின்றதில்லை. வாயை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த மனுஷன் பேச்சுத் துணையில்லாமல் துவண்டுபோனான்.

அடுத்த வாரம் மதுரை அலுவலகத்தில் ராஜாராமன் இரண்டு படிவங்களையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"என்னம்மா ஸ்யாமளா இது? உனக்குப் பதினொண்ணு, எனக்கு முப்பத்து நாலு. நீ அந்த வீட்டுக்குத்தான் போனியா, இல்ல டீக்கடையில உக்காந்து எழுதினியா?"

"போனேன் சார். வெண்கலப் பானை இருந்தது. பித்தளைக் குடம் நாலு. ஆடு இருந்தது சார், கத்திண்டே இருந்தது."

"நான் பாத்தது மூணு மண்சட்டி."

ஸ்யாமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் பொய் எழுதியவள் என்று பெயர் வாங்குவதா? "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாத்துடலாம் சார்," என்றாள். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் எந்த மார்க் என்று முடிவாக வேண்டும். முப்பத்து நாலு என்றால் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வண்டி போய்விடும். வியாழக்கிழமை காலையிலேயே இருவரும் கிளம்பினார்கள்.

நடவு முடிந்திருந்ததால் ஊர் முழுக்க வீட்டில் இருந்தது. ஜீப் வாய்க்கால் பாலத்தில் ஏறியதை யாரோ பார்த்துக் குரல் கொடுத்ததும் ஜெயக்கொடி தெருவில் இறங்கிவிட்டாள். அவள் கணக்கு மிகவும் எளிது. முதல் தடவை பாத்திரம் இருந்தது, டீச்சரம்மா சிரித்துக்கொண்டே போனாள். இரண்டாம் தடவை பாத்திரம் இல்லை, அதனால்தான் கெட்டது.

"அடியே, எடுத்துட்டு வாங்கடி! கையில கெடச்சத எடுத்துட்டு வெரசா வாங்க! பிள்ளைகள எங்க வீட்டு நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால ஒளிச்சு வையுங்க!"

ராஜாராமனும் ஸ்யாமளாவும் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்த பிறகும் பாத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. பின்வாசல் வழியாக ஒரு கை குடத்தை வைத்துவிட்டுப் போகும். சன்னல் வழியாக ஒரு கை தட்டை நீட்டும். முன்வாசலில் யாரோ ஓர் ஆட்டை இழுத்து வந்து கட்டினார்கள்.

ஸ்யாமளா ஆட்டைப் பார்த்தாள். "போன தடவை கருப்பு ஆடுன்னா இருந்தது?"

ஜெயக்கொடி கண் சிமிட்டாமல் சொன்னாள். "வெளுத்துருச்சு டீச்சரம்மா. இந்த வருசம் என்னா வெயிலு!"

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவர் வழக்கமாகச் செய்வது அது.

மாயக்காள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்யாமளா அண்ணாந்து குடித்தபோது செம்பின் கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது கண்ணில் பட்டது. பாத்திரக்கடையில் புதுப் பாத்திரம் வாங்கினால் கையோடு பேர் வெட்டி வாங்குவது அவள் வீட்டிலும் உண்டு. அவளுடைய அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த அடுக்குகளில் இன்னும் தேதியோடு பேர் இருக்கிறது. இந்தச் செம்பில் இருந்தது 'சீனியம்மாள்' என்று. ஸ்யாமளா எழுந்து போய்க் குடத்தைத் திருப்பிப் பார்த்தாள். 'நல்லகமன்'. பானையைப் பார்த்தாள். 'மொக்கைச்சாமி மகள் திருமணம்'. மடக்கு நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் 'சிவனாண்டி' என்று இருந்தது.

"சார், இதைப் பாருங்கோ."

ராஜாராமனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. எண்ணுவதற்கு ஒரு பொருள் கிடைத்தால் அவர் வேறு மனிதர். ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிப் பெயரை உரக்க வாசித்தார்.

"சீனியம்மாள்!"

"இங்கிட்டுத்தேன் இருக்கேன்யா," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"நல்லகமன்!"

"நல்லகாமனுங்க. ஆசாரி வெட்டும்போதே தொணக்கால விட்டுட்டாரு, ஆனா அது நாந்தேன்."

"கருத்தக்கண்ணன்!"

"அவரு ஒழவுக்குப் போயிருக்காரு. நான் அவரு சம்சாரம்."

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போலப் பதினாலு பெயர். பதினாலுக்கும் வாசலிலிருந்து பதில் வந்தது. கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, உள்ளே வெளிச்சம்கூட வரவில்லை. சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு மாட்டிக்கொண்டோமே என்ற பயம்.

மாயக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமாங்கய்யா, எல்லாம் எரவல்தேன். எங்கிட்ட ஒண்ணுமில்ல. மூணு சட்டிதேன் இருக்கு. என்னைய என்ன வேணா எழுதுங்க, பொய்க்காரின்னு எழுதுங்க. எம் பிள்ளைகள மட்டும் கொண்டு போயிராதீக. நான் நாலு வேல கூடச் செஞ்சு கஞ்சி ஊத்துறேன்யா. அதுக எம் பக்கத்துல படுத்தாத்தேன் எனக்குத் தூக்கமே வரும்."

காளை விழுந்த அன்றைக்குக்கூட அழாதவள் அழுதாள். வாசலில் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஸ்யாமளா பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். படிவத்தில் அப்படிச் செய்யச் சொல்லி இல்லை.

ராஜாராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அழாதேம்மா. ஒரே ஒரு கேள்வியை மறுபடியும் கேக்கறேன். நல்லா யோசிச்சுப் பதில் சொல்லு. இருபத்தேழாவது. உனக்கு ஆபத்துன்னா உதவ யாராவது இருக்காங்களா?"

மாயக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அழுதாலும் மானம் மானம்தான்.

"யாருமில்லய்யா," என்றாள்.

வாசலில் நின்ற ஜெயக்கொடி வெடித்தாள்.

"யாருமில்லையா? அப்ப நாங்கள்லாம் யாருடி? மத்தியானம் ஒம் பிள்ளைகளுக்கு எவ வீட்டுல சோறு? நீ வயலுக்குப் போனா இவன எவ புருசன் தூக்கி வெளிய கொண்டு போறான்?"

"அது ஒதவியா மதினி?" மாயக்காள் திகைத்துப்போய்க் கேட்டாள். "அது நம்ம எப்பவும் செஞ்சுக்கிறதுதான? டீச்சரம்மா கேக்குறது அதையா? நான் பிச்ச கிச்ச எடுக்குறோமான்னு கேக்குறாகன்னுல்ல நெனச்சேன்!"

ராஜாராமன் அந்தக் கேள்வியை ஒருதரம் வாசித்துப் பார்த்தார். இரண்டு மாதம் உட்கார்ந்து அவரே தமிழாக்கிய கேள்வி. இருபத்தைந்து குடும்பங்களில் இதுவரை கேட்டாகிவிட்டது. இருபத்து மூன்று குடும்பங்கள் 'யாருமில்லை' என்றுதான் சொல்லியிருந்தன. அத்தனைக்கும் முழு மார்க் போட்டு, இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆதரவே இல்லாமல் தனியாகக் கிடக்கிறார்கள் என்று அறிக்கைக்கு ஒரு பத்தி வேறு எழுதி வைத்திருந்தார். அவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். காதுமடல் சிவந்துபோயிற்று.

"ஸ்யாமளா, எழுதிக்கோ. இருபத்தேழுல ஆறு மார்க் குறை. பிள்ளைகளைப் பகல்ல பாத்துக்க ஆள் இல்லைங்கறதுல நாலைக் குறை."

"இருபத்து நாலு சார்."

"இருபத்து நாலு. பிள்ளைகள் இங்கதான் இருக்கும்மா. மூத்தவ மறுபடியும் பள்ளிக்கூடம் போகணும், அதுக்கு நாங்க பொறுப்பு. உன் வீட்டுக்காரரைத் திங்கட்கிழமை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். கமிட்டியில நான் பேசிக்கறேன்."

மாயக்காள் நம்பவில்லை. "எழுதிட்டீகளாய்யா? பேனாவுலயா?" என்று கேட்டாள். ஸ்யாமளா காகிதத்தைக் காட்டினாள். மாயக்காளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

குலுக்கைக்குப் பின்னாலிருந்து மூன்று பிள்ளைகளும் தலையெல்லாம் உமியோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பிள்ளைகள் வந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று தெருவே தன் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் அடைத்திருக்கிறது. ராஜாராமன் வழக்கப்படி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். அவருக்கும் ஸ்யாமளாவுக்கும் சீனியம்மாள் வீட்டிலிருந்து பணியாரம் வந்தது. அவர் ஏழு தின்றார், அதை எண்ணியது ஸ்யாமளா.

ஜீப் போன பிறகு பெண்கள் உள்ளே வந்து தங்கள் தங்கள் பாத்திரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். "மொக்கச்சாமி பான எங்கிட்டு?" "ஏத்தா, அது ஏந் தட்டு!" என்று கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். வெள்ளை ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கடைசியாக மடக்கு நாற்காலியும் போனது. வீட்டில் பழையபடி மூன்று சட்டியும் ஒரு குண்டானும்தான் மிஞ்சின. சிறுமலைப் பக்கமிருந்து மழை இறங்கி வருகிற வாசனை வந்தது.

மாயக்காள் கஞ்சியில் மோரை ஊற்றிக் கரைத்து, சுண்டைக்காய் வற்றலை வறுத்து வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். எட்டு நாளாகிறது அவள் குரல் தன் பக்கம் திரும்பி.

"இன்னமும் பேச மாட்டியா?" என்றான்.

அவள் கஞ்சியை ஒரு கலக்குக் கலக்கினாள்.

"அவுக மட்டும் இன்னைக்குப் பிள்ளைகளக் கொண்டுபோயிருந்தாகன்னு வையி," என்றாள். "ஒன்னயக் கட்டிலோட தூக்கி அந்த ஜீப்புல போட்டு விட்டுருப்பேன். போயி அங்க ஒக்காந்து உண்மையப் பேசுன்னு."

காளைக்கு அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க உடைந்த இடுப்பில் சுரீரென்று பிடித்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, சிரிக்க வைக்காதடி, வலிக்குது," என்றான்.

"வலிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.